மற்றவை

இரவு இரண்டு மணிக்கு
ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்தில்
நான் மீனைத் தொடுவதில்லை.
தாள்கள் வரும், தட்டுவேன்.

ஹாலிபட்: நார்வே. விமானத்தில் வந்தது,
நான் இதுவரை ஏறாத தூரம்.
ஃப்ளவுண்டர்: கொரியா, பண்ணை, உயிரோடு.
அங்கே கோடை முற்றினால்
தொட்டியிலேயே செத்து மிதக்கும்,
இங்கே விலை எழும்.
சோல்: நெதர்லாந்து.
போன வருஷம் இந்நேரம் நாற்பது பெட்டி,
இன்று பதினொன்று.
டீசல் ஏறியதில் படகுகளை
உடைக்கக் கொடுத்துவிட்டார்களாம்.
ஏற்றுமதியாளர் கடிதத்தில் 'வருந்துகிறோம்' என்று ஒரு வரி.
அடுத்த வரியில் புது விலை.

எல்லாமே தட்டை மீன்கள்.
பிறக்கையில் பக்கத்துக்கு ஒரு கண்.
வளர வளர ஒன்று மட்டும்
மண்டையைச் சுற்றி நடந்துபோய்
மற்றதன் அருகே குடியேறும்.
அப்புறம் ஆயுசுக்கும் மணலில் படுத்து
மேலேயே பார்த்திருக்கும்,
ஆபத்து மேலிருந்து வருமென்று.
இழுவலையோ
தரையோடு வருகிறது.

மூன்று மணிக்கு அஸ்மான்.
பூன் லே கோப்பிக்கடையில் இவருடைய கடை.
பலகையில் ஃபிஷ் அண்ட் சிப்ஸ், ஆறு வெள்ளி ஐம்பது காசு.
கொரோனாவுக்கு முந்தைய எழுத்து.
அதில் கை வைத்தால்
எதிர்க்கடையில் வரிசை நீளும்.
ஆகவே விலை அசையாது, மீன்தான் அசையும்.
முதலில் சோல். பிறகு பிளேஸ்.
அப்புறம் கிரீன்லாந்திலிருந்து ஏதோ ஒன்று, உறைந்தது.
இப்போது மேகோங் ஆற்றுக் கெளுத்தி.
அது தட்டையே இல்லை,
கத்திதான் தட்டையாக்கியது.
'மாவுக்குள்ளே யார் பார்க்கிறாங்க, தவமலர்?'
நான் பார்க்கிறேன்.
ரசீது என்னிடம்தானே இருக்கிறது.

நாலரைக்கு ஒரு கூடை மிஞ்சும்.
ரியாவ் பக்கத்துப் படகில்
இறாலோடு சேர்ந்து ஏறிவிட்டவை.
அஸ்மான் இதை ஈக்கான் செபலா என்பார்.
செபலா என்றால் ஒரு பக்கம்,
பக்கத்து வீடும் செபலாதான்.
எங்கள் வீட்டில் எருமை நாக்கு.
படிவத்தில் இரண்டு பெயரும் கிடையாது.
'மற்றவை' என்று தட்டுகிறேன்.
கிலோ நாலு வெள்ளி.
ஐரோப்பாவில் எது ஏறினாலும் இறங்கினாலும்
நாலு வெள்ளி.

எனக்கு இரண்டு எடுத்துக்கொண்டேன்.
அஸ்மானும் குனிந்து,
செவுள் விரித்துப் பார்த்து,
நிதானமாய் மூன்று பொறுக்கினார்.

கடைக்கா, என்றேன்.

'சே,' என்றார்,
'வீட்டுக்கு.'