மிச்சம்

தண்டர் பேயில் மைனஸ் முப்பத்தொன்று.
நேற்றிரவே அடுப்பை அணைத்துவிடச் சொல்லியிருந்தாள்.
அதனால் வீட்டுக்குள்ளும் கோட்டோடு நிற்கிறேன்.
ஹில்க்கா நியெமி என் வரவேற்பறையில்
பழைய போர்வை விரித்துக்கொண்டிருக்கிறாள்.

கூரை முழுக்கப் பனிக்கட்டி, ஏற முடியாது.
கீழிருந்தே கம்பியோடு கம்பி திருகி
புகைபோக்கிக்குள் பிரஷ்ஷை ஏற்றுகிறாள்.
முதலில் தூள் விழுந்தது, கறுத்த தவிடுபோல.
பிறகு செதில்.
பிறகு ஒன்றுமே விழவில்லை.
அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் கொடுத்து
என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னாள்.
குழாயின் உட்சுவர் பளபளத்தது,
அடிப்பிடித்த வெல்லப்பாகு ஆறி இறுகினமாதிரி.
அழகாகத்தான் இருந்தது.
"கிரியோசோட்" என்றாள்.
"இது பற்றிக்கொண்டால் ரயில் போகிற சத்தம் கேட்கும்.
பாதிப்பேர் ஜன்னலுக்குப் போய் ரயிலைத் தேடுவார்கள்.
நீ தேடாதே. வெளியே ஓடிப்போய் போன் பண்ணு."

இரவில் எவ்வளவு நேரம் எரியும் என்று கேட்டாள்.
விடியும்வரை, என்றேன், பெருமையோடு.
மூன்றே கட்டை. காற்றுத் தகட்டை முழுக்கச் சாத்திவிடுவேன்.
தங்கச் சுரங்கத்தில் இரண்டு வாரம், வீட்டில் இரண்டு வாரம்
என்று இருக்கிற குணாளனின் கணக்கு அது:
மெதுவாக எரிந்தால் விறகு மிச்சம்.
அவள் ஒன்றும் சொல்லாமல்
வாளியைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.
மிச்சம் ஒன்றரை வாளி இருந்தது.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
நெருப்பை எரியவிடாமல் பிடித்துவைத்தாலும் புகையும்
என்று ஒருவரும் சொன்னதில்லை.

இரண்டு பிர்ச் கட்டைகளை எடுத்து முட்டினாள்.
'தொப்' என்றது.
காய்ந்த கட்டை கணீரென்று பேசுமாம்.
கடையில் ஒவ்வொரு தேங்காயாகத் தட்டி
கடைக்காரன் பொறுமையைச் சோதிக்கிறவள் நான்.
விறகைத் தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.
ஒன்றைப் பிளந்து நடுவில் மீட்டர் குத்தினாள்:
முப்பத்திரண்டு சதவீதம் தண்ணீர்.
இருபதுக்குக் கீழே இருக்க வேண்டும்.
இத்தனை நாளும் தண்ணீரைக் கொளுத்தியிருக்கிறேன்.

கூடத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தை அமுக்கினாள்.
சத்தமில்லை.
"பேட்டரி?"
டிவி ரிமோட்டில், என்றேன்.
தன் பையிலிருந்து இரண்டு எடுத்துப் போட்டாள்.

சாம்பலை எங்கே கொட்டுகிறாய் என்று கேட்பாள் என்று தெரியும்.
அதற்குள் பின்வாசல் மரத்தளத்துக்குப் போய்விட்டாள்.
நட்டநடுப் பனிக்காலத்தில் ஒரு பூந்தொட்டி.
பூட்ஸால் நகர்த்தினாள். கீழே வட்டமாக ஓட்டை.
நவம்பரில், மூன்று நாள் ஆறிய சாம்பல்தானே என்று
பிளாஸ்டிக் வாளியில் வைத்தேன். வாளி இப்போது இல்லை.
'நீறு பூத்த நெருப்பு':
பத்தாம் வகுப்பில் வாக்கியத்தில் அமைத்து
இரண்டுக்கு இரண்டு வாங்கியிருக்கிறேன்.

செவ்வாய் வரை தீக்குச்சியே கிழிக்காதே,
பாகைச் சுரண்டச் சங்கிலி கொண்டுவருகிறேன் என்று போனாள்.
ஐந்து இரவு மின்சார ஹீட்டர் இருக்கிற சின்ன அறையில்
கால்களை மடக்கிப் படுத்தேன்.

செவ்வாய் மாலை குணாளன் கூப்பிட்டான்.
எவ்வளவு ஆச்சு? சொன்னேன்.
பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய காய்ந்த விறகு,
மெலிதாகப் பிளந்தது, தகடு முழுக்கத் திறந்து.
"இப்படி எரித்தால் மார்ச் வரைக்கும் காணுமா?"
எரியட்டும், என்றேன்.
கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.
அந்தப் பக்கம் வெகுநேரம் சுரங்கத்து மின்விசிறி மட்டும்.

அவனுடைய பூட்ஸை மாட்டிக்கொண்டு
முற்றத்துப் பனியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன்.
புகை இல்லை.
அணைந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.
பிறகுதான் கண்டது:
புகைபோக்கிக்கு நேர் மேலே
இரண்டு மூன்று நட்சத்திரங்கள் மட்டும்
நடுங்கிக்கொண்டிருந்தன.