ஆறேகால் விமானம்

பாலாடைக்கட்டிக் கூட்டுறவு மூடியபோது
ஏலத்தில் எடுத்த தராசு இது.
ஈர நாளில் இன்னும் மோர் வாடை அடிக்கும்.
பயணிகளை இதில்தான் நிறுத்துகிறேன்.
பத்தொன்பது இருக்கை விமானத்துக்குப்
பெட்டியின் எடை போதாது, ஆளின் எடையும் வேண்டும்.
எனவே இந்தத் தீவில்
யார் இளைத்தார், யார் பெருத்தார் என்பது
பாதிரியாருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

சுல்மீரா, போகும்போது ஐம்பத்து மூன்று.
பெரிய தீவின் ஆஸ்பத்திரியில்
ரத்தம் சுத்திகரித்துத் திரும்பும்போது
ஐம்பத்தொன்று.
"அந்த ரெண்டு கிலோ தண்ணியைக் கொட்டத்தான்
வாரம் மூணு தடவை பறக்கிறோம்"
என்பார் விமானி எவரிஸ்டோ.
அவள்தான் முதலில் சிரிப்பாள்.

எங்களிடம் விமானங்கள் இரண்டு.
ஒன்று, மற்றதற்கு உறுப்பு தந்து தந்து
கொட்டகையில் எலும்பாய் நிற்கிறது.
அதன் இடது சக்கரம் பறக்கிறது.
அதன் கண்ணாடித் துடைப்பான் பறக்கிறது.
வால் மீது எழுதிய கம்பெனிப் பெயரைத்தான்
யாரும் கழற்றிக் கேட்கவில்லை.

மேகம் இறங்கினால் 'வானிலை' என்று அறிவிப்பேன்.
சக்கரம் என்றால் 'தொழில்நுட்பம்'.
எண்ணெய்க்காரனுக்குப் பாக்கி என்றால்
'செயல்பாட்டுக் காரணங்கள்'.
அமில்கார் தன் மதுக்கடை வாசலில் நின்று
"இன்னிக்கு எந்தப் பொய்?" என்பான்.
நிஜமாகவே மேகம் வந்த ஒரு காலையில்
யாரும் நம்பாமல்
கதவைத் திறந்துகாட்ட வேண்டியதாயிற்று.
உள்ளே வந்தது மேகம்,
வரிசையில் நிற்பதுபோல் நின்றது.

மூன்று மாதச் சம்பளத்துக்குப் பதிலாக
இலவசப் பயணச்சீட்டுகள் அனுப்பினார்கள்.
எங்கே போவது?
நான் ஏறிவிட்டால்
ஓடுபாதையில் மாடு விரட்ட ஆள் யார்?

பிறகு லிஸ்பனிலிருந்து கணக்கு பார்க்க ஒருவர் வந்தார்.
எண்பத்தெட்டு கிலோ. கோப்புப் பெட்டி பதினொன்று.
காலையில் வந்து மாலையில் திரும்புவதாக ஏற்பாடு.
ஒரு இருக்கைக்கு இவ்வளவு நஷ்டம் என்று
என் மேசையில், என் பேனாவால் வகுத்துக் காட்டினார்.
மாலை, விமானத்தின் வயிற்றிலிருந்து
சிவப்பாய் எண்ணெய் சொட்டியது.
எலும்பு விமானத்திடம் அந்தக் குழாய் இல்லை,
போன வருஷமே கொடுத்துவிட்டது.

உள்ளுக்குள் எங்களுக்குச் சந்தோஷம்தான்.
நாலு நாள் கிடக்கட்டும், அப்போது புரியும் என்றோம்.
அமில்கார் பாசியொட்டிச் சிப்பிகளை
வெண்ணெயில் பொரித்து வைத்தான்.
கணக்கர் தின்றார், நன்றி சொன்னார்,
இரண்டாம் நாளே
மீன்படகொன்றை முந்நூறு யூரோவுக்குப் பேசிக்
கிளம்பிப் போனார்.
ஒன்பது மணி நேரமும் வாந்தி என்றான் படகுக்காரன்.
அறிக்கையில் அது இல்லை.
எங்களைப் பற்றி அதில் ஒரே வரி:
'மாற்றுப் போக்குவரத்து உண்டு.'

சுல்மீராவைப் படகில் ஏற்றக் கூடாது என்கிறார் டாக்டர்.
ஐம்பத்தேழைத் தொட்டால்
ராணுவ ஹெலிகாப்டரைக் கூப்பிடலாமாம்,
அதுவரை உப்பு கூடாது, தண்ணீரை அளந்து குடிக்கணும்.
விமானம் இல்லாத நாளிலும்
ஆறேகாலுக்கு வந்துவிடுகிறாள்.
"ஊர்ல வேற நல்ல தராசு ஏது?"

ஐம்பத்து நாலு.
ஐம்பத்தைந்தரை.
பயணிகள் பட்டியலில், எடைக்கான கட்டத்தில்
எழுதி வைக்கிறேன்.
வேறு பெயர்கள் இல்லாத பட்டியல்.

இன்று ஐம்பத்தாறு, எண்ணூறு கிராம்.
மேலே ஏதோ உறுமியது.
இரண்டு பேரும் மூச்சைப் பிடித்து அண்ணாந்தோம்.
அமெரிக்கா போகிற பெரிய விமானம் அது,
எங்கள் மேகத்துக்கு மேலே, வெகு மேலே,
நேரம் தவறாமல்.

"எழுதாதே, இரு" என்றாள்.
கழற்றியிருந்த காலணிகளைத்
திரும்ப மாட்டிக்கொண்டு
மறுபடி ஏறினாள்.