கூடுதல் ஒன்று

துறைமுகத்தில் பெட்டி எண்ணுவது என் வேலை.
கப்பலிலிருந்து எத்தனை இறங்கியது
கேட்டைத் தாண்டி எத்தனை போனது
இரண்டும் பொருந்தாமல்
பதினோரு வருஷத்தில் ஒரு கையெழுத்துப் போட்டதில்லை.
அதனால்தான் ஜெசிந்தா சொன்னாள்,
முட்டைக் கணக்கு உன்னோடது.

நாற்பத்திரண்டு.
பீட்ரூட் தண்ணீரில் பதினாலு
மஞ்சள் தண்ணீரில் பதினாலு
நீலத்துக்குச் சங்குப்பூ தேடி
தண்டையார்பேட்டை மார்க்கெட்டை இரண்டு சுற்று சுற்றி
கடைசியில் கேக்குக்குப் போடும் கலர்ப் பொட்டலம்.
பெனிட்டாவின் விரல்கள் இன்னும் நீலம்.
ராத்திரிப் பூசையில்
அந்த விரல்களால்தான் மெழுகுவர்த்தி பிடித்திருந்தாள்.
பேப்பர் கப்பில் மெழுகு வழிய வழிய
பாதி அல்லேலூயாவில்
என் தோளில் தூங்கிப்போனாள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு
மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியோடு ஒருவன்
ஹெச் பிளாக்கைச் சுற்றிக் குனிந்து குனிந்து நடந்தால்
நாய்கள் என்ன நினைக்கும்?
நான்கு பிஸ்கட் செலவு.
லாரித் தண்ணீருக்கு வரிசை போட்ட
காலிக் குடங்களுக்குள் ஒன்பது.
மீட்டர் பெட்டிக்குப் பின்னால் மூன்று.
கன்னியப்பனின் மீன்பாடி வண்டியில்
சுருட்டிவைத்த வலைக்கு அடியில் ஐந்து.
என் ஹெல்மெட்டுக்குள் ஒன்று.
எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டேன்,
காக்கைக்குத் தெரியாமல்.

ஏழு மணிக்குக் கதவுகள் திறந்தன.
கோயிலுக்கு வருகிற பிள்ளைகள் எட்டுப் பேர்,
ஓடியது இருபத்தாறு.
பூவரசி ஸ்கூல் பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு
அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.
யாகூப் வாப்பாவின் லுங்கியை மடித்துக் கட்டி
அதையே பையாக்கியிருந்தான்.
குடங்கள் உருண்டன.
வரிசை கலைஞ்சிபோச்சு என்று ஒருத்தி கத்த
அவள் குடத்துக்குள்ளேயே
மஞ்சள் முட்டை ஒன்று குலுங்கியது.
யார்தாம்மா இது, எடுத்துக்கவா என்று கேட்டு
எடுத்தும்கொண்டாள்.
கெஞ்சித் திரும்ப வாங்கினேன்.

படிக்கட்டில் உட்கார்ந்து எண்ணினேன்.
சிவப்பு சரி. மஞ்சள் சரி. நீலம்,
ஒன்று கொஞ்சம் நசுங்கியிருந்தாலும், சரி.
பூவரசி பதினொன்று; பேக்கரி சர்க்கரை முட்டை அவளுக்கு.
நோட்டில் கோடு இழுத்துக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

அப்போதுதான் பார்த்தேன்,
மூன்று வயது சகாயம்
கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதை.
காட்டுடா.
காட்டினான்.
வெள்ளை.

நாற்பத்து மூன்று.
சாயம் பிடிக்காமல் போனதோ?
நோட்டை முதலிலிருந்து புரட்டினேன்.
தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது.
வெயில் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை.
எங்கேடா எடுத்தே?
சகாயம் கையை நீட்டினான்,
பிளாக்கை, டேங்கை, ரோட்டை,
கன்டெய்னர் லாரிகளுக்கு அந்தப் பக்கம் கடலை.

எங்கள் பிளாக்கில் ஒரு வழக்கம்,
ஜெயித்தவர் முதல் முட்டையை
பிடித்தவர் நெற்றியில் உடைப்பது.
சகாயத்துக்கு ஜெயிப்பது தோற்பது தெரியாது.
பிடித்தவர் யாரென்று தெரியும்.
நான் நோட்டில் குனிந்திருந்தேன்.

மூக்கு வழியாக மீசைக்கு,
மீசையிலிருந்து வேட்டிக்கு,
கையெழுத்தின் மேலும் ஒரு சொட்டு.
ஜெசிந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.
கன்னியப்பன் வண்டியில் சாய்ந்து சிரிக்கிறான்.
மூன்றாம் மாடியிலிருந்து தேசம்மா எட்டிப் பார்த்தாள்:
"அய்யய்யோ! ஆறு நாளா
எங்க கருப்பி எங்க போய் வைக்குதுன்னே தெர்ல,
தேடிக்கினே கீறேன்!"

ஆறு நாளா?
யாகூப் விரல் மடக்கினான்.
"அப்போ இன்னும் அஞ்சு கீது!"

இருபத்தாறு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.
இந்த முறை ஜெசிந்தாவும் ஓடினாள்,
குடத்துக்காரியும், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு.
வாப்பா, லுங்கி என்று யாரோ மாடியில் கத்தினார்.

பெனிட்டா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.
"எங்கப்பா ஒளிச்சு வச்சிருக்கு? நோட்டைப் பாரு."

நோட்டில் இல்லை.
கண்ணிமையில் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டத் தொடங்க
டேங்குப் பக்கமாக ஓடினேன்.