பத்தாவது குண்டு

கூரைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே
தவழ்ந்துதான் போகவேண்டும்.
ஹல் நகரம், நங்கூரத் தெரு, நவம்பர்.
பழுதுபார்க்கும் முன் அளந்து கொடுப்பது என் வேலை.
மூங்கில் கணுக்களால் அரங்கை அளந்த மொழியிலிருந்து வந்தவள்,
கையில் லேசர் கருவி.
சிவப்புப் புள்ளி தூசியில் நடுங்குகிறது.

அங்கே கிடக்கிறது அது:
பைன் மரத்தில் நீண்ட தொட்டி,
சற்றே சரிவாக, இடையிடையே சிறு படிகளோடு,
நாற்பத்திரண்டு அடி.
இரும்புக் குண்டுகளை உருட்டிவிட்டால்
கீழே இடி இடிக்கும்.
வேறெதற்கும் உதவாத தச்சு.
ஆணியடித்தவன் தன் பெயரைக் கீறியிருக்கிறான்:
எஸ்ரா தக்வெல், 1788.
பக்கத்தில் ஒரு மீன். திமிங்கிலமாகவும் இருக்கலாம்;
வரையத் தெரியவில்லை அவனுக்கு.

அப்போது மேடை விளக்குக்குத் திமிங்கில எண்ணெய்.
அரச வேடம் கட்டியவன் செத்து விழும்போதும்
சபை முழுக்கக் கவிச்சி அடித்திருக்கும்.
திரைக்கயிறு இழுத்தவர்கள்
கப்பலில் வேலை கிடைக்காத மாலுமிகள்.
சீழ்க்கைதான் அவர்களுக்குக் கட்டளை.
தெரியாத்தனமாக ஒரு நடிகன் சீழ்க்கையடித்தான்;
வானம் இறங்கி அவன் தோளை முறித்தது.
கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது:
தோளுக்கு, வைத்தியர் கூலி, நான்கு ஷில்லிங்.
மேகத்துக்கு, திரும்பத் தீட்ட, ஒன்பது.

கேலரிக்குத் தனி வாசல், சந்துப் பக்கம்.
ஆறு பென்னிக்காரன் முழங்கை
மூன்று ஷில்லிங்காரியின் பட்டில் படக்கூடாது.
எழுபத்தொரு படிகள், குறுகிய திருப்பங்கள்.
ஒவ்வொன்றும் நடுவில் குழிந்து
மழைநீர் தேங்கும் அளவுக்கு ஆகிவிட்டது.
முன்வாசல் சலவைக்கல்லோ
இன்னும் மட்டமாகத்தான் இருக்கிறது.
அளந்து பார்த்தேன்.

கடைசியாக இடி உருட்டியவள்
ஈடித் ஸ்கெல்டன்.
நான் முதலில் இடித் என்றே படித்தேன்.
ஆண்கள் போருக்குப் போயிருந்தார்கள்.
1941, மே. மூன்றாம் அங்கம், புயல் காட்சி.
இடி இடித்தது.
சுவர் அதிர்ந்தது. சுதைப் பூக்கள் உதிர்ந்து
முன்வரிசைத் தொப்பிகளில் விழுந்தன.
கேலரி எழுந்து நின்று கைதட்டியது,
இப்படி ஓர் இடியை இந்த ஊர் கேட்டதில்லை.
மேலே ஈடித்
ஒரு குண்டை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.
இன்னும் ஒன்றைக்கூட அவள் உருட்டவில்லை.

பிறகு உருட்டினாள்.
துறைமுகத்தில் ஒன்று விழ, இங்கே ஒன்று.
அங்கே இரண்டு, இங்கே இரண்டு.
எது ஆகாயத்து இடி, எது அவளுடையது என்று
யாருக்கும் தெரியாமல் போகட்டும் என்று.
அந்த எழுபத்தொரு படிகளில்
நானூறு பேர் ஓடியிருந்தால்?
நாடகம் முடிந்தது. வணக்கம் சொன்னார்கள்.
வெளியே வந்தபோது எதிர்ச்சாரி இல்லை.

இதில் பாதி அவள் தங்கை மகன் சொன்னது.
மீதி நான் போட்டுக்கொண்டது.
புத்தகத்தில் மறுநாள் இரண்டே வரி:
குண்டுகள் ஒன்பது, ஒன்று குறைகிறது.
மிஸ் ஸ்கெல்டனைக் கேட்கவும்.
கேட்டதாகக் குறிப்பு இல்லை.

அப்புறம் வெள்ளைத் துணி கட்டிப் படம் ஓட்டினார்கள்.
அப்புறம் பிங்கோ.
அரசன் நின்ற பலகையில் நின்று ஒருவன்
எண்பத்தெட்டு, எண்பத்தெட்டு என்று கூவினான்.
அப்புறம் கம்பளக் கிடங்கு, அப்புறம் புறாக்கள்.
தொட்டியை யாரும் கழற்றவில்லை;
அது இருப்பதே யாருக்கும் தெரியாது.

தங்கை மகன் வீட்டில் தேநீர் குடித்தேன்.
சமையலறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல்
ஓர் இரும்புக் குண்டு முட்டுக் கொடுத்திருந்தது.
அவர் பார்த்தார், நான் பார்த்தேன்.
பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.
அறிக்கையில் ஒன்பது என்றே எழுதினேன்.

கிளம்பும் முன் ஒன்றை எடுத்து
தொட்டியின் தலைமாட்டில் வைத்து விரலை எடுத்தேன்.
கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்த மின்பணியாளர்
கையில் பாதி ரொட்டியோடு
சைக்கிளை உள்ளே எடுத்து வைக்க ஓடினார்.
வெளியே நல்ல வெயில்.