நாற்பது மூட்டை

கொழிஞ்சாம்பாறை பால் சொசைட்டியில்
ஊற்றுகிறவர்கள் அறுபத்து மூன்று பேர்.
மானியத் தீவனம் வந்தது நாற்பது மூட்டை.
'பேர் வரிசையில போட்டுக் குடுத்திரு வஞ்சி,
ஒருத்தரும் வாய் திறக்க முடியாது'
என்றார் தலைவர் ஆறுச்சாமி.

கட்டளை ஒரே வரிதான்:
பெயரால் அடுக்கு, நாற்பதோடு நிறுத்து.

முதல் ஆளாக வந்தது ஃபாத்திமா பீவி,
அகிலாண்டத்துக்கும் முன்னால்.
ஆய்தத்துக்குக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எண்
அகரத்தின் எண்ணைவிடச் சின்னது, அவ்வளவே.
அதே தெருவில் இன்னொரு பாத்திமா பீவி.
அவள் ரேஷன் கார்டை எழுதியவருக்கு
மூன்று புள்ளி வைக்கச் சோம்பல்.
நாற்பத்திரண்டாம் வரியில் நிற்கிறாள்
மூட்டை தீர்ந்த இடத்துக்கு
இரண்டு அடி தள்ளி.

கணேசனுக்குப் பின்னால் கண்ணம்மா.
நாற்பதில் பன்னாரி, நாற்பத்தொன்றில் பழனாத்தா.
எனக்குப் பொறுக்கவில்லை.
க ங ச ஞ என்று ஒரே மூச்சில்
ன வரை இறங்கிப் பழகிய நாக்கு இது.
ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து
ஒவ்வோர் எழுத்துக்கும் நானே எடை போட்டேன்.
ஆய்தத்தை ஔவுக்கு அப்புறம் உட்காரவைத்தேன்.
புள்ளி வைத்த மெய், வைக்காததற்கு முந்தி.
ழகரம் ளகரத்தைத் தாண்டட்டும்,
றன்னகரம் எல்லாருக்கும் பின்னால் வரட்டும்.
கிரந்த எழுத்தா, அது வாலில்.
அகராதி அப்படித்தான் சொல்கிறது.

மறுபடி ஓட்டினேன்.
கண்ணம்மா முந்தினாள், பழனாத்தா உள்ளே வந்தாள்.
பன்னாரியும் தப்பவில்லை, கடைசி மூட்டை அவளுக்கு.
பாத்திமா ஒரு படி ஏறி
நாற்பத்தொன்றில், இன்னும் வெளியே.
பட்டியல் முழுமதிப்பெண் வாங்கிய விடைத்தாள் மாதிரி இருந்தது.

இருபத்திரண்டில் இருந்த ஜெசிந்தா
அறுபத்தொன்றில் இருந்தாள்.

ஒற்றை மாடு. சினை வேறு.
அவள் கேனில்தான் சொசைட்டிக்கு விடியும்.
என் இலக்கணம் அவளை
முப்பத்தொன்பது படி இறக்கியிருந்தது.

அடுத்த மேசை உண்ணிமாயா எட்டிப் பார்த்தாள்.
'ஞங்ஙள்க்கு ஜ, ச-யுடெ அடுத்தல்லே?'
உண்மைதான்.
கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம்
விருந்தாளிக்குத் தனிப் பாய்.
இந்தப் பக்கம் அதே எழுத்துக்கு
பிறந்ததிலிருந்து சொந்த பெஞ்சு.
அகராதியும் ஒருத்தர் போட்ட வரிசைதானே,
நான் இன்று போட்டது போல.

ஜ-வைத் தூக்கி ச-வின் பக்கத்தில் வைத்தேன்.
ஜெசிந்தா உள்ளே வந்தாள்.
பன்னாரி வெளியே போனாள்.

நாளைக்கு அவளிடம் என்ன சொல்வேன்?
'ஆத்தா, உன் பேரில் இரண்டாவதாக
ஒரு றன்னகரம் இருக்கிறது' என்றா?
எந்த எழுத்தை எங்கே நகர்த்தினாலும்
மூட்டை நாற்பதுதான்.
யாரோ ஒருத்தியின் மாடு
வெறும் தொட்டியை நக்கும்.

மணி பன்னிரண்டரை.
உண்ணிமாயா எப்போதோ போய்விட்டாள்.
கட்டளையின் தலையில் ஒரு விதி எழுதினேன்:
ஒற்றை மாடு முதலில்,
இரண்டு அதற்கடுத்து,
பிறகு மற்றவை, மாடு ஏற ஏறப் பின்னால்.
சமமாக வந்து முட்டினால் மட்டும்
பெயரைக் கேள்.

நாற்பதாவது இடத்தில் முட்டத்தான் செய்தார்கள்,
இரண்டு மாட்டுக்காரிகள்.
அங்கே எழுத்துத்தான் தீர்ப்புச் சொன்னது.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
இந்தப் பக்கத்து வரிசைப்படி சொன்னது
என்பதைத் தவிர.

காலையில் தலைவர் பட்டியலை வாங்கினார்.
அவர் தொழுவத்தில் பதினொரு மாடு.
ஆனா, ஆவன்னா என்றே எண்ணிப் பழகியவர்,
மேலே இருந்து விரல் வைத்தார்.
நான்காம் வரியில் நின்றது விரல்,
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

விரல்
இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.