நாற்பத்தொன்றாவது நிமிடம்

ரிச்சி தெரு. ஏசித் தண்ணீர் சொட்டும் படிக்கட்டு ஏறினால்
இரண்டாவது மாடியில் எங்கள் கடை.
பலகையில் இன்னும் வி.சி.ஆர். என்றே இருக்கிறது,
அழிப்பதற்கும் காசு கேட்கிறார் பெயின்டர்.

எத்திராஜுலு வந்தபோது மழை விட்டிருந்தது.
துணிக்கடைப் பைக்குள் செய்தித்தாள்,
அதற்குள் இன்னொரு செய்தித்தாள்,
அதற்குள் ஒரு டிவிடி.
மார்க்கர் எழுத்து: காசிமேடு கேரம் ஃபைனல், 2009.

"எந்த மெஷின்ல போட்டாலும்
காபி புரொடெக்டட்னு சொல்துமா.
நான் ஆடுன மேட்ச். எனக்கே பூட்டா?"

இருக்கலாம் என்றேன்.
அந்த நாளில் வீடியோக்காரர்
ஒரு காபி நூற்றைம்பதுக்கு விற்பார்.
ஒருவர் வாங்கித் தெருவே பதிந்துகொள்ளாதிருக்க
வேண்டுமென்றே சில இடங்களைக் கெடுத்து வைப்பார்.
படிக்க வரும் இயந்திரம் அங்கே இடறும்,
இடறியதும் பூட்டு என்று திரும்பிவிடும்.
தொல்லை என்னவென்றால்
சாதாரணக் கீறலில் இடறினாலும்
அதே பதில்தான் சொல்லும்.
காயம் எது, கதவு எது
என்று கேட்க அதற்கு வழியில்லை.

சோப்புத் தண்ணீரில் கழுவினேன்,
நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்தேன்.
ரீஜன் பார்த்தேன், எல்லா நாட்டுக்கும் திறந்தே கிடந்தது.
முதல் டிரைவ் மறுத்தது.
இரண்டாவது, புதியது, மறுத்துவிட்டு
தட்டையும் நீட்டித் துப்பியது.
மூன்றாவதை அலமாரியின் அடியிலிருந்து எடுத்தேன்.
புதுப்பேட்டையில் எடைக்கு வாங்கியது,
மெதுவானது,
எதையும் சந்தேகப்படத் தெரியாதது.

போடும் முன் டியூப்லைட்டில் சாய்த்துப் பார்த்தேன்.
கைதவறி விழும் கீறல் குறுக்கே ஓடும்.
இது வட்டத்தோடு வளைந்து போயிருந்தது,
பொறுமையாக,
யாரோ மடியில் வைத்துப் போட்டதுபோல.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிழை வந்தால் நின்றுவிடாதே, தாண்டிப் போ
என்று மென்பொருளில் ஒரு கட்டம் உண்டு.
அதில் டிக் அடித்தேன்.

படம் வந்தது.
தொங்கும் பல்பு, பவுடர், பனியனோடு கூட்டம்,
மீசை கறுத்த எத்திராஜுலு.
எதிரே சூசைநாதன், காதில் பென்சில்.
இருபத்தொன்று, இருபத்தொன்று.
நடுவில் ரெட்.

"ரெட்டைப் போட்டு ஃபாலோவும் போட்டேன்.
ஃபாலோ போடச்சொல்ல
விரல் பட்டுச்சுன்னான்.
பதினாறு வருசமா அதே பேச்சு.
இப்ப படுத்த படுக்கையா கீறான்.
அவன் பொண்ணு கேக்குது,
அப்பாவுக்கு ஒரு தபா காட்டணுமாம்."

நாற்பத்தொன்றாவது நிமிடம்.
திரை சாம்பல் சதுரங்களாக உடைந்தது.
பல்பு ஒரு பக்கம், முழங்கை ஒரு பக்கம்,
சூசைநாதனின் வாய் மட்டும் தனியாக மூலையில்.
ஒலி உடையவில்லை.
டொக். ரெட் விழுந்தது.
அமைதி.
பிறகு நகம் மரத்தில் உரசுவதுபோல் ஒன்று.
நாற்காலியாகவும் இருக்கலாம்.
பிறகு டொக்.
பிறகு கூட்டத்தின் கத்தல்.

"இன்னொரு தபா போடு."
போட்டேன்.
மூன்றாவது முறை அவரே கையால் நிறுத்தச் சொன்னார்.

"சரியாவலன்னு எழுதிக் குடுக்க எவ்ளோமா?"

பில் புத்தகத்தில் கார்பனைச் செருகினேன்.
பழுது என்ற இடத்தில்
காபி புரொடெக்டட் என்று எழுதினேன்.
பொய் இல்லை.
இருநூறு ரூபாய்.
ரசீதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்,
வட்டை எடுக்க மறந்து படியிறங்கினார்.

அது டிரைவில் சுற்றிக்கொண்டே இருந்தது.
செருப்புச் சத்தம் முதல் மாடியில் நின்றது,
நெடுநேரம் நின்றது,
மெல்லத் திரும்பி ஏறியது.

வாசலில் மூச்சு வாங்கினார்.
"சத்தத்த மட்டும் தனியா எடுக்க முடியுமா?
அவனுக்கு இப்ப கண்ணு தெரியாது.
காது நல்லாக் கேக்கும்."