தித்திப்பு கசந்தவை

முசாஃபா, பதினேழாம் கேம்ப்.
மெஸ் அடுப்படி. இரவு இரண்டு மணி.
கேஸ் குழாய்ச் சந்தில் சொட்டுச் சொட்டாய்ச்
சர்க்கரை மருந்து வைக்கிறேன்.
முன்பெல்லாம் மொய்த்துத் தின்று
மல்லாந்து கிடக்கும்; முறம் முறமாய் அள்ளுவேன்.
இப்போது வாய்வைத்த வேகத்தில்
பின்வாங்குகின்றன கரப்பான்கள்.

"உஷாராயிடுச்சுடா" என்கிறார் சூப்பர்வைசர் பென்ஹர்.

ஒன்றும் ஆகவில்லை சார்.
இனிப்பு கசக்கும் வாயோடு
எப்போதோ ஒன்று பிறந்திருக்கும்,
கூட்டமே விருந்துண்ண
அரைவயிற்றோடு அலைந்த கோணல் பிறவி.
ருசி தெரிந்ததையெல்லாம் நான் கொன்றேன்.
மிஞ்சியது அது.
இவை அதன் வாரிசுகள்.

பொறுக்கியது என் கைதான்.
கைக்கு யோசனை ஏது?
ராத்திரிக்கு நாற்பது அறை, அதுதான் கணக்கு.

விடிந்தால் விசா மெடிக்கல்.
நெஞ்சுப் படத்தில் நிழல் விழுந்ததென்று
சென்ற முறை ஐந்து பேரைத் திருப்பி அனுப்பினார்கள்.
எனக்கு நிழல் இல்லை;
மிஞ்சினேன். ஆனால்
மிஞ்சியவனுக்கு இங்கே பிள்ளை பிறப்பதில்லை.
காலியான கட்டிலுக்கு வருகிறவன்
வேறெங்கோ, யாரோ பெற்றவன்.

நாளை சர்க்கரை இல்லாத புது டப்பா இறங்குகிறதாம்.
டார்ச் வெளிச்சத்தில்
முட்டைப்பையை இழுத்துக்கொண்டு
ஃப்ரிட்ஜுக்கு அடியில் நுழைகிறது ஒன்று.
உள்ளே முப்பது, நாற்பது.
எதற்கு எது கசக்குமோ,
யாருக்கும் தெரியாது,
அதற்கும்.